பானைப் படத்தில் ஜன்னல் கம்பி: கோளாறு வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

அக்கா வனைந்த முதல் கருப்புக் குவளையை நான் படம் எடுத்துக் கொடுத்தபோது, அதில் குவளையைவிட எங்கள் சிங்கப்பூர் ஈசூன் வீட்டு வரவேற்பறைதான் தெளிவாக வந்திருந்தது. ஜன்னல் கம்பி, அதற்குப் பக்கத்தில் காயும் துணி, மேலே ஃபேன், நடுவில் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி நான். அக்கா பார்த்துவிட்டு, "நீ நல்லாத்தான் இருக்கே, குவளை எங்கடா?" என்றாள்.

கிளேஸ் என்பது மண்ணின் மேல் உருகி ஒட்டிய கண்ணாடி. கண்ணாடியைப் படம் எடுப்பவன் அறையைப் படம் எடுக்கிறான். அதனால் பானைப் படம் சரியில்லை என்று யார் சொன்னாலும் நான் கைபேசியின் செட்டிங்கைத் திறப்பதில்லை. முதலில் அறையைச் சுற்றிப் பார்ப்பேன். கீழே உள்ளவற்றில் உங்கள் படத்தில் தெரியும் கோளாறு எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத வழி முதலில் இருக்கும்.

அதற்கு முன் ஒரே ஒரு வேலை. கைபேசி லென்ஸை மெல்லிய துணியால் துடையுங்கள். சமையல் முடித்த கையோடு கைபேசியை எடுக்கும் வீடு நம்முடையது. லென்ஸில் ஒரு சொட்டு எண்ணெய்ப் படலம் இருந்தால் படம் முழுக்கப் பனி பெய்தது போல் இருக்கும். பானையையும் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், இனி அதைப் பற்றிப் பேச மாட்டேன்.

கிளேஸில் ஜன்னல் கம்பி, ஃபேன், நான், எல்லாரும் தெரிகிறோம்

உருண்டையான பளபளப்புப் பானை ஒரு குவி ஆடி. அது ஏறக்குறைய அறை முழுவதையும் பார்த்துக்கொண்டிருக்கும். எது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. லென்ஸ் இருக்கும் இடத்தில் உங்கள் ஒரு கண்ணை வைத்துப் பானையைப் பாருங்கள். வெள்ளைத் திட்டு ஒன்று தெரிகிறதா? வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, ஓர் அட்டையைப் பிடித்தபடி அறையில் மெல்ல நகரச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அட்டை வந்ததும் திட்டு மறைகிறதோ, அதுதான் அதன் மூலம். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் பானையை அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வைத்துப் பார்ப்பவர்கள்தான் அதிகம், நானும் அப்படித்தான் இருந்தேன்.

மூலம் கூரை விளக்கு என்றால் அணைத்துவிடுங்கள். ஃபேன் என்றால் நிறுத்துவது போதாது, அதன் உருவம் அப்படியே தெரியும். மேசையை நகர்த்த வேண்டும். ஜன்னல் என்றால்தான் கொஞ்சம் உழைப்பு. ஜன்னல் நமக்கு வேண்டும், கம்பி வேண்டாம்.

இதற்கு நான் பயன்படுத்துவது அப்பாவின் பழைய வெள்ளை வேட்டி. தொடக்கத்தில் அதைத் துணிக் கிளிப்பால் ஜன்னல் கம்பியிலேயே மாட்டினேன். வெளிச்சம் மென்மையானது, ஆனால் கம்பியின் நிழல் வேட்டியில் விழுந்து, குவளையின் தோளில் சிறைக் கதவு போல அப்படியே வந்தது. வேட்டியைக் கம்பியிலிருந்து ஒரு முழமாவது உள்ளே தள்ளித் தொங்கவிட வேண்டும். துணி காயப்போடும் ஸ்டாண்டை ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவில் நிறுத்தி அதில் விரித்தால் கம்பி கரைந்து காணாமல் போகும். வேட்டிக் கரையை மறக்காமல் பின்பக்கம் மடித்துவிடுங்கள். பச்சைக் கரை வெள்ளைக் கிளேஸில் ஒரு பச்சைக் கோடாக விழுந்து, அது கிளேஸ் வழிந்த தடம் என்று அக்காவே ஏமாந்திருக்கிறாள்.

வேட்டி பானைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு பெரிய வெளிச்சமாகப் பானைக்குத் தெரியும், அவ்வளவு மென்மையாக நிழல் விழும். சட்டகத்துக்குள் வராத தூரத்தில், முடிந்த அளவு நெருக்கமாக வையுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிரதிபலிப்பே இல்லாமல் ஆக்கிவிட வேண்டும் என்று முயலாதீர்கள். பளபளப்பு முழுதாகப் போனால் கிளேஸ் பிளாஸ்டிக் போலாகிவிடும். தோளிலிருந்து வயிறு வரை இறங்கும் ஒரே ஒரு நீளமான, ஓரம் மங்கிய வெளிச்சப் பட்டை இருக்கட்டும். அதைப் பார்த்துத்தான் இது வழவழப்பானது, வளைவானது என்று கண் புரிந்துகொள்கிறது.

உங்கள் உருவம் தெரிவதற்கு மருந்து கருப்புச் சட்டை. அதுவும் போதாத டென்மோக்கு போன்ற கருங்கிளேஸ் என்றால், கருப்பு வேன்கார்ட் தாள் ஒன்றில் லென்ஸ் அளவு ஓட்டை போட்டு அதன் பின்னால் ஒளிந்துகொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகள் புராஜெக்டுக்கு வாங்கும் அதே தாள்தான், பிராஸ் பசா காம்பிளெக்ஸ் பக்கம் போனால் எல்லா நிறத்திலும் கிடைக்கும். மாஜோங் தாள் மலிவு என்று அதை வாங்கிப் பின்னணியாக வைக்காதீர்கள். மடிப்புக் கோடு போகவே போகாது.

லென்ஸின் முன்னால் மாட்டிக் கூசலைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் வாங்கலாமா என்று கேட்பார்கள். தட்டையான தட்டின் மேல் சாய்வாக விழும் கூசலை அது நன்றாகக் குறைக்கும். கண்ணாடிப் பரப்பில் அதன் வேலை, செங்குத்திலிருந்து 55 டிகிரி சுமாருக்குச் சாய்ந்து வரும் பிரதிபலிப்பில்தான் உச்சம். உருண்டைப் பானையில் ஒவ்வோர் இடத்திலும் கோணம் வேறு என்பதால் ஒரு பக்கம் குறையும், மறுபக்கம் அப்படியே நிற்கும். தங்க லஸ்டர் என்னும் உலோகப் பூச்சு பூசிய விளிம்பில் அது வேலையே செய்யாது, உலோகப் பிரதிபலிப்பை அது வெட்டுவதில்லை. எனக்கு வேட்டியே போதும்.

நிறம் வேறாக வருகிறது

விற்பவர்களுக்கு இதுதான் தலைவலி. வெளிர்பச்சை செலடான் கிளேஸ் தட்டைப் பார்த்து வாங்கியவர், கையில் கிடைத்ததும் "இது பச்சையாவே இருக்கே, படத்துல சாம்பலா இருந்துச்சே" என்பார். அவர் சொல்வதும் சரி, தட்டும் சரி.

அறையில் இரண்டு வகை வெளிச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜன்னலில் பகல் வெளிச்சம், கூரையில் மஞ்சள் எல்இடி. வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் பகல் வெளிச்சம் 5500 சுமார், மஞ்சள் பல்பு 3000. பானையின் ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் மஞ்சள். கேமரா எதை நம்புவது? இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் கெடுக்கும். விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்தால் பாதிக் கோளாறு அங்கேயே தீரும்.

தீரவில்லையா? ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பாருங்கள். எங்கள் வீடு நான்காவது மாடி, நேர் எதிரே தூங்குமூஞ்சி மரம். அந்த இலைக்கூட்டத்தில் பட்டுவரும் வெளிச்சம் பச்சை. கண் அதைச் சரிசெய்துகொள்ளும், வெள்ளைக் குவளை காட்டிக்கொடுத்துவிடும். எதிர் புளோக்கின் சுவர் ஆரஞ்சு வண்ணம் என்றால் காலை வெயில் அதில் அடிக்கும் நேரத்தில் உங்கள் பானை ஆரஞ்சு. நீங்கள் போட்டிருக்கும் சிவப்புச் சட்டையும் வெள்ளைக் கிளேஸில் ஒரு வெட்கத்தை ஏற்றும். பின்னணித் தாளும் அப்படியே; நிறத்தில் சந்தேகம் வந்தால் சாம்பல் அல்லது வெள்ளைத் தாளுக்குத் திரும்புங்கள்.

புகைமூட்ட நாளில் நிறம் முக்கியமான படம் எதுவும் எடுக்காதீர்கள். வெளிச்சம் மென்மையாக இருக்கிறதே என்று ஆசை வரும், எல்லாம் மஞ்சளடித்து வரும்.

அடுத்தது ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி கேமரா செய்யும் நிறத் திருத்தம். ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் புரோ முறையில் கெல்வின் எண்ணை நீங்களே வைத்துப் பூட்டலாம். ஐபோனின் சொந்தக் கேமராவில் அந்த வசதி இல்லை, எடுத்த பிறகு எடிட்டில் வெப்பத்தையும் டின்ட்டையும் திருத்த வேண்டும். எதுவானாலும் முதல் படத்தில் பானைக்குப் பக்கத்தில் சாம்பல் அட்டை ஒன்றை நிற்கவைத்து எடுங்கள். அந்த அட்டை சாம்பலாகத் தெரியும்வரை திருத்தி, அதே திருத்தத்தை அந்த வரிசைப் படங்கள் எல்லாவற்றுக்கும் ஒட்டுங்கள். வீட்டு பிரின்டர் தாளை அட்டைக்குப் பதிலாக வைக்கலாமே என்று தோன்றும். பளிச்சென்று தெரிய அதில் வெளுப்பூட்டி சேர்த்திருப்பார்கள், பகல் வெளிச்சத்தில் லேசான நீலமாகத்தான் தெரியும். அதை நம்பித் திருத்தினால் பானை மஞ்சளாகும்.

இரவில் விளக்கில்தான் எடுக்க முடியும் என்பவர்கள், பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் என்று போட்ட பல்பு வாங்குங்கள். மலிவான எல்இடியில் சிவப்பு நிறங்கள் செத்துப்போகும். செப்புச் சிவப்புக் கிளேஸ் காய்ந்த ரத்தம் போல வரும், அதற்கு எந்த எடிட்டும் உயிர் கொடுக்காது.

நீலத்துக்குத் தனிப் பிடிவாதம் உண்டு. இங்கே வகுப்புக்குப் போகிற எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் நீலக் கிளேஸ் மோகம் வரும். 1988இல் கலாசாரப் பதக்கம் பெற்ற சிங்கப்பூர் மட்பாண்டக் கலைஞர் இஸ்கந்தர் ஜலீலின் நீலம், அவர் பெயராலேயே அழைக்கப்படும் அளவுக்குப் பிரபலம். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அப்படியொன்றைத் தாங்களும் எட்டிப் பிடிக்கப் பார்ப்பார்கள். பிரச்சினை, கோபால்ட் நீலம் கைபேசியில் கத்தரிப்பூ நிறமாகச் சாயும். மொத்தப் படத்தையும் குளிர்ச்சியாக்கினால் மண் தெரியும் அடிப்பகுதி பிணம் போலாகிவிடும். நீல நிறத்தை மட்டும் தனியாகத் தொடும் சறுக்குப் பொத்தானை எடுத்து, ஊதாவிலிருந்து கொஞ்சம் பச்சைப் பக்கம் தள்ளுங்கள். பானையைத் திரைக்குப் பக்கத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே தள்ளுங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள்.

இதையெல்லாம் செய்தும் பொருந்தவில்லை என்றால் கைபேசித் திரையைப் பாருங்கள். இரவு நேரக் கண் பாதுகாப்பு முறை எரிந்துகொண்டிருக்கும். நான் ஒருநாள் மாலை முழுக்க 14 படங்களை நீலமாக்கி, மறுநாள் காலையில்தான் திரை மஞ்சளாக இருந்தது என்று கண்டுபிடித்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

எந்த ஜன்னல், எந்த நேரம் என்று குழப்பம்

இது கோளாறு இல்லை, கோளாறுகளின் தாய். புகைப்படப் பாடங்களில் "வடக்கு ஜன்னலே சிறந்தது, நேர் வெயில் வராது" என்று இருக்கும். பூமத்திய ரேகைக்கு வெகு வடக்கே வாழ்பவர்களுக்கான கணக்கு அது. சிங்கப்பூர் ரேகைக்கு 1 டிகிரி சொச்சம்தான் வடக்கே. ஜூன் மாதம் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்வாக வெயில் விழும். டிசம்பரில் தெற்கு ஜன்னலுக்கு அதே கதி. ஆகவே ஜூனில் தெற்கு, டிசம்பரில் வடக்கு. கிழக்கு வீட்டுக்காரர்கள் மதியத்துக்கு மேல், மேற்கு வீட்டுக்காரர்கள் காலையில்.

நம் கடிகாரமும் சூரியனைவிட முன்னால் ஓடுகிறது. இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, சுமார் 1 மணிக்கு. அந்த நேரத்தில் காரிடாரில் வைத்து எடுத்தால் வெளிச்சம் தரையிலிருந்து எகிறி, பானைக்குக் கீழிருந்து டார்ச் அடித்தது போலிருக்கும். மழை கட்டிக்கொண்டு வானம் வெளுத்துக் கிடக்கும் பிற்பகல்தான் எனக்குப் பிடித்த நேரம். வானம் முழுவதுமே ஒரு வேட்டி.

வீட்டில் நல்ல ஜன்னலே இல்லை என்றால் கீழே வாய்ட் டெக்குக்கு, அதாவது புளோக்கின் திறந்த தரைத்தளத்துக்கு இறங்குங்கள். மேலே கூரை, ஒரு பக்கம் திறப்பு, வெளிச்சம் பக்கவாட்டில் மட்டும் வரும். ஸ்டுடியோவுக்குக் காசு கொடுத்து வாங்கும் வெளிச்சம் அதுதான். திறப்பிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உள்ளே, கல் மேசையில் வைத்து எடுங்கள். சதுரங்கம் ஆடும் அங்கிள்கள் விலை கேட்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைத்தடம், சாம்பல் படிவு எதுவும் தெரியவில்லை, மொழுக்கென்று இருக்கிறது

வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது. பானையை அப்படியே விட்டுவிட்டு நீங்கள் நகருங்கள், ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் வரும்வரை. விரல் ஓடிய வரிகள் ஒவ்வொன்றும் தனித்தனி நிழல் போட ஆரம்பிக்கும்.

ஜாலான் பஹார் பக்கம் 1940இல் கட்டிய தாவ் குவாங் டிராகன் சூளை இருக்கிறதே, அது போன்ற விறகுச் சூளையில் வெந்த பாத்திரத்துக்கு இது மிக முக்கியம். விறகுச் சாம்பல் பறந்து வந்து தோளில் படிந்து, உருகி, மணல் போலவும் வழிந்த தேன் போலவும் நிற்கும். அந்தப் பக்கம்தான் நெருப்பைப் பார்த்த பக்கம், அதை ஜன்னலுக்குச் சற்று விலக்கித் திருப்புங்கள். வெளிச்சம் அதைத் தடவிக்கொண்டு போக வேண்டும், நேராக முட்டக் கூடாது. மறுபக்கம் இருட்டினால் வெள்ளை அட்டை ஒன்றைச் சாய்த்து வையுங்கள். ரொம்ப நெருக்கி வைத்தால் திரும்பவும் மொழுக்கென்றாகும்.

வயிறு பெருத்து, அடி சிறுத்து, பானை கோணலாகத் தெரிகிறது

வனைந்தவர் மேல் பழி போடாதீர்கள். கைபேசியின் முதன்மை லென்ஸ் அகலக்கோணம், பரந்த காட்சியைப் பிடிப்பது. அதைக் கொண்டு பானை சட்டகத்தை நிரப்ப வேண்டுமானால் மூக்குக்கு நேரே போய் நிற்க வேண்டும். 20 செ.மீ. அகலப் பானையை 30 செ.மீ. தூரத்திலிருந்து எடுத்தால் அதன் முன்வயிறு 30 செ.மீ., இரு பக்க ஓரங்கள் 40 செ.மீ. ஆழத்தில் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம், வயிறு முன்னே தள்ளித்தான் தெரியும். ஒன்றரை மீட்டர் பின்வாங்கினால் 150க்கு 160, வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பின்னால் போய் 2 மடங்கு அல்லது 3 மடங்கு பொத்தானை அழுத்துங்கள்.

கோணல் மட்டும் என்றால், கைபேசியைக் கீழ்நோக்கிச் சாய்த்திருக்கிறீர்கள். பானையின் நடு வயிற்றுக்கு நேராக இறக்குங்கள். குவளைக்கு வாய் கொஞ்சம் தெரிந்தால் அழகு, ஒரு சாண் மேலேற்றினால் போதும்.

வெள்ளைக் குவளை சாம்பல், கருப்புக் குவளையும் சாம்பல்

கேமராவுக்கு எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கிப் பார்க்கும் பழக்கம். திரையில் பானையைத் தொட்டு, சூரியக் குறியை வெள்ளைக்கு மேலே இழுங்கள், கருப்புக்குக் கீழே. பானையின் ஓரம் பின்னணியோடு கரைந்தால் வெள்ளைப் பானைக்கு இரு பக்கமும் சட்டகத்துக்கு வெளியே கருப்புத் தாளை நிற்கவையுங்கள், ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று வரும். கருப்புப் பானைக்கு வெள்ளைத் தாள்.

குவளையின் காது பாதி மங்கியிருக்கிறது

போர்ட்ரெய்ட் முறையை அணையுங்கள். பின்னணியை அது கணக்குப் போட்டுத்தான் மங்கலாக்குகிறது. காதுக்கு நடுவிலுள்ள ஓட்டையில் கணக்கு தப்பும். பின்னணி மங்க வேண்டுமென்றால் பானையைச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் முன்னால் இழுங்கள். தனிக் கேமரா வைத்திருப்பவர்கள் லென்ஸ் திறப்பை எஃப்/8இல் வைத்து, குவியத்தை முன்தோளில் நிறுத்துங்கள், பின்விளிம்பில் அல்ல.

மொத்தப் படமும் மங்கல் என்றால் கை ஆடியிருக்கிறது. இரண்டு அகராதிகளுக்கு நடுவே கைபேசியைச் செருகி, 3 விநாடி டைமர் வையுங்கள்.

படத்தில் குறுக்கே கருப்புப் பட்டைகள்

எல்இடியின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 விநாடியில் வையுங்கள், பட்டை போய்விடும்.

படம் முழுக்கப் புகை

ஏர்கான் அறையிலிருந்து காரிடாருக்கு வந்தீர்களா? லென்ஸில் மட்டும் அல்ல, குளிர்ந்த கிளேஸிலும் நீர் படிந்திருக்கும். துடைத்தால் மறுபடி படியும். கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். அவசரமென்றால் அறைக்குள்ளேயே கைபேசியை ஜிப் பையில் போட்டு மூடிக்கொண்டு வெளியே வந்து, வெளிச்சூட்டுக்கு வந்தபின் பையைத் திறங்கள்.

படம் அழகு, ஆனால் "இவ்வளவு சின்னதா?" என்று கேட்கிறார்கள்

தனியாக நிற்கும் பாத்திரத்துக்கு அளவு கிடையாது. உப்புக் கிண்ணம் பொங்கல் பானை போலவும், பொங்கல் பானை உப்புக் கிண்ணம் போலவும் தெரியும். காப்பிக் குவளை என்று நினைத்து வாங்கியவர் கையில் 120 மி.லி. குவளை போய்ச் சேர்ந்து, அவர் எழுதிய செய்தியை அக்கா இரண்டு நாள் திரும்பத் திரும்ப வாசித்தாள். விவரத்தில் அளவு போட்டிருந்தோம். யார் படிக்கிறார்கள்?

படத்திலேயே காட்ட வேண்டும். ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தை வைத்தால் காவல்துறைப் படம் போலிருக்கும். கையால் பிடித்திருப்பது நல்லது, நகத்தில் மண் இருந்தால் இன்னும் நல்லது. தட்டுக்கு இட்லி, அகல் விளக்குக்குத் திரி, இப்படி அதனதன் பொருளையே வைக்கலாம். குவளைகளுக்கு அக்கா மாரி பிஸ்கட் வைக்கச் சொல்லியிருக்கிறாள், அதன் அளவு எல்லாருக்கும் தெரியும் என்பது அவள் வாதம். சரியான யோசனைதான். மூன்றாவது படம் எடுப்பதற்குள் பிஸ்கட் தீர்ந்துவிடுகிறது.